லெ மோர்ன் மலையின் காதணிப் பூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியஸின் தேசிய மலருக்குத் தாவரவியல் பெயர் திரோஷெத்தியா பூத்தோனியானா. கிரியோலில் பூக்ல் தோரேய் என்பார்கள், காதணிப் பூ. நாடு குடியரசான 1992 மார்ச் 12 அன்று இதுவும் தேசிய மலரானது. காட்டுச் செடியாக இது இருப்பது உலகத்திலேயே ஒரு மலையில்தான். தீவின் தென்மேற்கு மூலையில், கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் லெ மோர்ன் பிராபான் அது. ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களும் சரி, இங்கேயே பிறந்து வளர்ந்தும் அந்த மலைப்பக்கம் போகாத நம்மவர்களும் சரி, கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதில்கள் இவை.

பூ பார்க்க எப்படி இருக்கும்?

ஆள் உயரப் புதர். நல்ல இடம் கிடைத்தால் அதையும் தாண்டும். இலை தடிப்பாக, தோல் மாதிரி இருக்கும். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் நெருக்கமாகச் சுணை படிந்து மங்கித் தெரியும். வெயிலும் கடற்காற்றும் ஓயாமல் அடிக்கும் பாறையில் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள இப்படிப்பட்ட இலை தேவை. பூ வளைந்த காம்பில் தலைகீழாகத் தொங்கும். ஐந்து இதழ்களும் சேர்ந்து மணி போலக் குவிந்திருக்கும். இளஞ்சிவப்பு நிறம், அதன்மேல் அடர்சிவப்பில் நரம்பு நரம்பாகக் கோடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் புதரில் யாரோ ஜிமிக்கிகளை மாட்டிவிட்டுப் போனது போலிருக்கும்.

செம்பருத்தி, பூவரசு, பருத்தி, வெண்டை எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக, நமக்கு முற்றிலும் அன்னியமான செடி என்று சொல்ல முடியாது.

தைப்பூசத்துக்கு வருகிறோம். அப்போது பார்க்கலாமா?

அநேகமாக ஏமாந்துதான் போவீர்கள். தைப்பூசம் இங்கே கோடை, புயல் காலம். பூ குளிர்காலத்துக்கு உரியது, ஜூன் முதல் அக்டோபர் வரை. ஆடி மாதம் வந்தால் மலையும் ஏறலாம், வேர்வையும் குறைவு.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரத்தில் பூக்கும் மலைப்பூவா?

இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மொரீசியஸின் மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். லெ மோர்ன் 556 மீட்டர். இங்கே எந்த மலையிலும் பனி விழாது. பக்கத்துத் தீவான ரியூனியனில் பித்தோன் தெ நேழ் 3,070 மீட்டர். உயரமலைச் செடிகளைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அங்கே போகவேண்டும்.

அப்படியானால் ஏன் மலையில் மட்டும் இருக்கிறது?

கீழே இடம் இல்லாமல் போனதால். இந்தக் கேள்வியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாப் பதில்களும் இதிலிருந்து வருகின்றன.

டச்சுக்காரர்கள் 1638-இல் குடியேறியபோது தீவு முழுக்கக் காடு. கருங்காலி மரத்தை அவர்கள் வெட்டி ஏற்றினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள், 1810-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள். காட்டை முடித்தது கரும்பு. 1834 முதல் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள், நம் பாட்டன் பூட்டன்களும் அதில் அடக்கம். அவர்கள் நிலத்தைச் சுத்தம் செய்தபோது பொறுக்கிக் குவித்த கருங்கல் மேடுகள் இன்றும் கரும்புக் காடுகளுக்கு நடுவே நிற்கின்றன. அந்த உழைப்பைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கல்மேடு இருக்கும் இடத்தில் முன்பு என்ன முளைத்திருந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை.

இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் சொந்தக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. கலப்பை ஏறாத செங்குத்து, மாட்டுவண்டி போகாத பாறை, இவற்றில்தான் பழைய செடிகள் தப்பின. லெ மோர்ன் மலைக்கு அடிமைகள் தப்பியோடி ஒளிந்ததும் இதே காரணத்தால்தான். அந்த வரலாற்றுக்காகத்தான் 2008-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஆகவே இதை மலைப்பூ என்று சொல்வதைவிட, மலையில் ஒண்டிக்கொண்ட பூ என்று சொன்னால் பொருத்தம்.

தேன் சிவப்பாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பூவின் அடியில் ஊறும் தேன் சிவப்பு நிறம். இதன் உடன்பிறப்பான திரோஷெத்தியா பிளாக்பர்னியானாவின் தேன் மஞ்சள். நிறமுள்ள தேன் உலகத்தில் அபூர்வம். இந்தச் சின்னத் தீவிலோ ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளில் கிடைக்கிறது.

யாருக்காக இந்த நிறம்? பல்லிக்காக. பல்லி விழுந்த இடத்துக்குப் பலன் பார்க்கும் நமக்கு, பல்லி மகரந்தம் சுமக்கும் என்பது விசித்திரமாகப் படும். ஆனால் இங்கே இருப்பவை பகலில் நடமாடும் பச்சைப் பல்லிகள், சிலவற்றுக்கு நீலவால், முதுகில் சிவப்புப் புள்ளிகள். பூச்சியும் தின்னும், தேனும் குடிக்கும். பூவுக்குள் தலையை நுழைத்து நக்கும்போது முகத்திலும் தொண்டையிலும் மகரந்தத் தூள் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவுக்கு அதோடு போகும். செயற்கைப் பூக்களில் நிறமில்லாத தேனையும் நிறமுள்ள தேனையும் வைத்துச் சோதித்தபோது பல்லிகள் நிறமுள்ளதையே அதிகம் நாடின. அந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தொங்கும் பூவுக்குள் தேன் இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்தே காட்டிக் கொடுக்கும் விளம்பரம் அந்த நிறம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேன் எப்படிச் சிவக்கிறது என்பதை இன்னொரு மொரீசியஸ் செடியில் விளக்கமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். தெற்கே அருவியோரச் செங்குத்துப் பாறைகளில் தொங்கும் நெசோகோடன் மொரீசியானஸ் என்ற நீலமணிப் பூ அது. அதுவும் அழியும் நிலையில் இருப்பதுதான். அதன் தேனில் உள்ள ஒரு நொதி தேனைக் காரத்தன்மைக்குக் கொண்டு போகிறது. இன்னொரு நொதி ஒரு சேர்மத்தை மாற்றிக் கொடுக்க, அது தேனிலேயே உள்ள ஓர் அமினோ அமிலத்தோடு சேர்ந்து சிவப்பு நிறமியாகிறது. 2022-இல் அந்த நிறமிக்கு நெசோகோடின் என்று பெயரிட்டார்கள். பெரு நாட்டில் வளரும், கொஞ்சமும் உறவில்லாத ஒரு செடியிலும் அதே நிறமி இருக்கிறதாம்!

பல்லிதானே, எங்கேயும் இருக்குமே?

பல்லிக்கும் வீடு வேண்டும். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா பக்கம் பிளாக்பர்னியானாவை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அடர்ந்த தாழம்புதருக்குப் பக்கத்தில் நிற்கும் செடிகளுக்குப் பல்லி அதிகம் வந்தது, காயும் அதிகம் பிடித்தது. தூரத்தில் தனியே நின்றவற்றுக்குக் குறைவு. காரணம், முள்ளிலை நெருங்கிய தாழை பல்லிக்குப் பதுங்குமிடம்; வேட்டைப் பறவைக்குப் பயந்து அது திறந்த வெளியில் ரொம்ப தூரம் போகாது. பூச்செடியை மட்டும் காப்பாற்றி, பக்கத்துத் தாழையை வெட்டிவிட்டால் கதை முடிந்தது.

தோட்டங்களில் நிறைய இருக்கிறதே. பிறகு என்ன அழிவு?

இதைக் கேட்காதவர்களே இல்லை. கேள்வியும் நியாயமானது. விதையிலிருந்தும் பதியனிலிருந்தும் இதை வளர்க்க முடிகிறது. பூங்காக்களிலும் ஓட்டல் வாசல்களிலும் பார்க்கலாம்.

ஆனால் தொட்டியில் இருப்பது செடி மட்டும். இரண்டு மூன்று தாய்ச்செடியிலிருந்து எடுத்த குச்சிகளால் ஊரெல்லாம் நிரப்பினாலும் அவை அந்த இரண்டு மூன்று செடிகளின் நகல்தான். மலையில் ஒவ்வொன்றும் வேறு வேறு வித்து. வறட்சியைத் தாங்குவது ஒன்று, நோயைத் தாங்குவது இன்னொன்று. அந்த வேறுபாடு போனால் திரும்பாது.

தோட்டத்தில் காப்பாற்றுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பார்க்க கியூர்பீப் தாவரவியல் தோட்டத்துக்குப் போங்கள். ஹயோஃபோர்பி அமாரிகாலிஸ் என்ற பனை வகையின் கடைசி மரம், உலகத்திலேயே ஒன்றே ஒன்று, கம்பிவேலிக்குள் நிற்கிறது. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில்தான் வருகின்றன, ஆனால் வேறு வேறு சமயத்தில் பூப்பதால் தானே கருவுற முடியவில்லை. கவனிக்க ஆளுண்டு. சந்ததிதான் இல்லை.

இதற்கு நேர்மாறாக மலை என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. திரோஷெத்தியாவில் மொத்தம் 6 வகை. ரியூனியனில் ஒன்று, மற்ற ஐந்தும் இங்கே. அந்த ஐந்தில் பார்விஃப்ளோரா என்ற சிறுபூ வகையை 1863-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, அழிந்ததாகவே எழுதிவிட்டார்கள். 2001-இல் கோர் தெ கார்து மலையில் வின்சென்ட் ஃப்ளோரன்ஸ், ழான்-குளோத் செவத்தியான் என்ற இரண்டு மொரீசியஸ் தாவரவியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 138 வருஷம்! எந்தத் தோட்டக்காரனும் தண்ணீர் ஊற்றவில்லை. பாறை காப்பாற்றியது.

கோர் தெ கார்து என்றால் நம் முருகன் கோயில் மலையா?

அதேதான். காத்ர் போர்ன் ஊரிலிருந்து காவடி ஏறும் கோயில், அந்த மலைச் சரிவில் இருக்கிறது. மலையின் மேற்பகுதி இயற்கைக் காப்பகம். வருஷா வருஷம் படியேறி வணங்கிவிட்டு இறங்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தலைக்கு மேலே அழியப்போகும் செடிகள் நிற்பது தெரியும்?

அதில் ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் பங்கும் இருக்கிறது. ஹைபிஸ்கஸ் ஃபிராஜிலிஸ், இங்கே மாந்திரினேத் என்பார்கள். மலைச் செம்பருத்தி. காட்டில் லெ மோர்ன், கோர் தெ கார்து ஆகிய இரண்டு மலைகளில் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. இதற்கு வந்திருக்கும் ஆபத்துகளில் ஒன்று நம் வீட்டு வாசலில் பூஜைக்கு வைத்திருக்கும் செம்பருத்தி. இரண்டும் ஒரே இனக் கூட்டம் என்பதால் மகரந்தம் கலந்துவிடும். பிறகு முளைப்பது கலப்புச் செடி. பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் மலைச் செம்பருத்தி இல்லை. யாரும் வெட்டாமல், யாரும் பிடுங்காமல், சத்தமில்லாமல் ஓர் இனம் கரைந்து போக இது போதும்.

மலையடிவாரத்தில் வீடு இருப்பவர்கள் செம்பருத்தியை வேலியாக நடாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. முருகனுக்குச் செவ்வரளி போதாதா? அம்மனுக்கு நந்தியாவட்டையும் மல்லிகையும் ஆகாதா? சிலருக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

செடிகளை அழிப்பது மனிதர்களா, மிருகங்களா?

வெட்டுக்கத்தி ஓய்ந்து ரொம்ப நாளாயிற்று. இப்போது மலையை மூடுவது வெளியிலிருந்து வந்த செடிகொடிகள். ஈரமான மேட்டுக்காடுகளில் முதல் குற்றவாளி கோயாவ் தெ சின், சின்னச் சிவப்புக் கொய்யா. சீசன் வந்தால் குடும்பம் குடும்பமாகக் காரை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பறித்து, மிளகாயும் உப்பும் தொட்டுச் சாப்பிடுகிறோமே, அதேதான். ருசியை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வளர்ந்த இடத்தில் அடியில் வெளிச்சமே இறங்காது. சொந்த மரத்தின் கன்று ஒன்றுகூட எழாது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு தளிர் வரும். கையால் வேரோடு பிடுங்கவேண்டும், பெரிதானால் வெட்டிய கையோடு கட்டையில் களைக்கொல்லி தடவவேண்டும். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வந்து பார்க்கவேண்டும். விதையைப் பரப்புவதற்குக் கொண்டைக்குருவி இருக்கிறது, செம்மீசைச் சின்னான். 1892-இல் இங்கே வந்து சேர்ந்த அது இன்று தீவு முழுக்க இருக்கிறது.

வறண்ட தாழ்நிலக் காடுகளில் குருக்கத்திக் கொடி. ஆமாம், குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் கபிலர் பாடிய அதே மாதவி. நம்மூரில் சாதுவான கொடி. இங்கே மரத்தின் உச்சி வரை ஏறி, போர்த்தி, மூச்சை அடைத்துவிடுகிறது. ஒரு செடி நல்லதா கெட்டதா என்பது அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

மிருகங்களில் பன்றி, எலி, குரங்கு, அவற்றோடு ஜாவாவிலிருந்து டச்சுக்காரர்கள் 1639-இல் கொண்டுவந்த மான். மானும் பன்றியும் கன்றுகளைத் தின்கின்றன, மண்ணைக் கிளறுகின்றன. காப்பகங்களில் வேலி போட்டு, உள்ளே களையெடுத்து வைத்திருக்கும் பகுதிகள் சில உண்டு. அங்கே சொந்தச் செடிகள் தானே முளைத்து எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் குரங்குக்கு வேலி ஏது? பழுக்குமுன்பே பறித்து, ஒரு கடி கடித்து எறிந்துவிடும்.

காதணிப் பூ ஒரே மலையில் இருப்பதால் இன்னொரு பயமும் உண்டு. ஒரு பெரிய புயல், ஒரு காட்டுத்தீ போதும்.

ருத்ராட்ச மரம்கூட இங்கே அழிந்துகொண்டிருக்கிறதாமே?

ருத்ராட்சம் இல்லை, அதன் நெருங்கிய சொந்தம். எலியோகார்பஸ் போஜேரி. கங்கா தலாவ் இருக்கிறதே, கிராண்ட் பாசின், அந்த ஏரிப் பக்கத்துக் குன்றில் மட்டும் வளர்வது. சரிகை போல விளிம்பு கிழிந்த வெள்ளைப் பூ. 2012-இல் உலகில் மிகவும் ஆபத்தில் இருக்கும் 100 உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் வெளியானது. அதில் இதுவும் இருந்தது, 10-க்கும் குறைவான மரங்கள் என்ற குறிப்போடு. சிவராத்திரிக்கு லட்சக்கணக்கில் மக்கள் நடந்து போகும் இடம் அது.

காதணிப் பூவைச் சாமிக்குப் பறிக்கலாமா?

மலையிலிருந்து கூடாது. 2015-இன் சட்டம் ஒன்று சொந்தத் தாவரங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு பூ பறித்தால் ஒரு காய் போச்சு. உங்கள் வீட்டுத் தோட்டத்துப் பூ என்றால் உங்கள் இஷ்டம்.

ஊருக்கு ஒரு குச்சி கொண்டுபோகலாமா?

வேண்டாம். இங்கிருந்து எடுக்க அனுமதி வேண்டும், அங்கே இறக்க அனுமதி வேண்டும். பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோவது குற்றம். மேலே குருக்கத்தியின் கதையைப் படித்தீர்கள்தானே?

லெ மோர்ன் ஏறுவது கஷ்டமா? பூவை எங்கே பார்க்கலாம்?

பாதையின் முதல் பாதி அகலமான மண்சாலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுகூட நடந்துவிடலாம். அதற்குப் பிறகு கையும் காலும் ஊன்றி ஏறும் பாறை. மழை பெய்திருந்தால் போகாதீர்கள், வழுக்கும். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், வெயில் ஏறினால் நிழலே கிடையாது. பொதுமக்கள் போகும் பாதை ஒரு சிலுவை நிற்கும் இடத்தோடு முடிகிறது. உண்மையான உச்சி அதற்கும் மேலே. பூ, பாறைப் பகுதி தொடங்கிய பிறகு பாதையோரத்திலேயே கண்ணில் படும். தேடிக்கொண்டு பாதையை விட்டு விலகாதீர்கள். கன்றுகள் சின்னவை, காலடியில் இருப்பதே தெரியாது.

இன்னொன்று, ஏறுமுன் செருப்பின் அடியைத் தட்டித் துடையுங்கள். முந்தின நாள் வேறெங்கோ மிதித்த சேற்றில் களை விதை ஒட்டியிருக்கும். மற்ற நாடுகளில் இதற்கென்று பிரஷ் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் ஒன்று வைத்தால் என்ன செலவாகிவிடப்போகிறது?

வயதான அம்மா அப்பாவோடு வருகிறோம். ஏற முடியாது. வேறு வழி?

இல் ஓ எக்ரெத் தீவுக்குக் கூட்டிப் போங்கள். மஹெபூர் பக்கம் போயிண்ட் ஜெரோமிலிருந்து சின்னப் படகுப் பயணம். மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை களையெடுத்து, எலியை ஒழித்து, பழைய கடலோரக் காட்டை மீட்டுக்கொண்டிருக்கும் இடம். ஏற்ற இறக்கமில்லாத நடை. பச்சைப் பல்லிகளைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம், இளஞ்சிவப்புப் புறாவும் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு போங்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.